அண்டாவில் தேறாத மரம்

ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ எடுத்த கட்டையை மீன் தொட்டிக்குள் வைப்பதானால் மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும். கல் உப்பு போட்டு வேகவைத்தால் இன்னும் நல்லது. நிறம் இறங்குவது நிற்கும்வரை நீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கட்டையை வைத்தாலும் மீனுக்கு ஆபத்தில்லை. சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகள் தொடங்கி, முதல் தொட்டியை வாங்கி வந்த பள்ளி மாணவர் வரை இன்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். இது தவறு. இந்தத் தவறால் மீன்கள் சாகின்றன. சாகும் காரணமும் மறைந்துபோகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் குறையாமல் சொல்லிவிடுகிறேன். வெளியில் கிடந்த மரத்தில் பூச்சி, புழு, நத்தை முட்டை, பூஞ்சை, கிருமி எதுவும் இருக்கலாம். கொதிநீர் அவற்றைக் கொல்லும். மரத்திலிருந்து பழுப்புச் சாறு இறங்கும். முன்பே வேகவைத்துவிட்டால் அது தொட்டியில் இறங்காது. மிதக்கிற கட்டை கொதித்தபின் மூழ்கும். மருந்து வாங்கும் செலவு இல்லை, எந்த வீட்டிலும் செய்யலாம்.

இதில் ஒரு பகுதி உண்மை. பூச்சியும் நத்தையும் கொதிநீரில் சாகும். கட்டை விரைவில் மூழ்குவதும் சரிதான். எந்த மரத்தை எடுத்தாலும் அதன் செல்சுவரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். நீரைவிடக் கனமான பொருள் அது. உள்ளே அடைபட்ட காற்றுதான் கட்டையை மிதக்க வைக்கிறது. சூட்டில் அந்தக் காற்று விரிந்து வெளியேறும். அதே நீரில் ஆறவிட்டால் மிச்சக் காற்று சுருங்கி நீரை உள்ளே இழுக்கும். இந்த இரண்டு பயன்களோடு எனக்குச் சண்டை இல்லை. இவற்றை வைத்துக்கொண்டு, ‘வெந்த கட்டை நல்ல கட்டை’ என்று தாவுகிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. கொதிநீர் உயிரைக் கொல்லும், நஞ்சை முறிக்குமா? இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் முதல் பிழை, எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை. அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். வேர், பட்டை, தண்டு, இலை, விதை என்று நஞ்சில்லாத பாகமே அதற்குக் கிடையாது. இதயத்தைத் தாக்கும் அந்த நஞ்சு காய்ந்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது. பிச்சாவரம் போன்ற கழிமுகக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். மீனை மயக்கிப் பிடிக்க அந்தப் பாலைப் பயன்படுத்திய வழக்கமும் ஆசியக் கடற்கரைகளில் இருந்திருக்கிறது. உப்பங்கழி ஓரத்தில் வெளுத்து, முறுக்கிக்கொண்டு கிடக்கும் அழகான வேர் தில்லையுடையதா, சுரபுன்னையுடையதா என்று பார்த்த மாத்திரத்தில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? சொல்ல முடியாதவர் அதைத் தொடாமல் வருவதுதான் முறை. வேகவைத்துவிடலாம் என்ற தைரியம் அவரைத் தொட வைக்கிறது.

மரத்திலிருந்து வரும் பொருள் மீனைக் கொல்லும் என்பது மீன் வளர்ப்பில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. குளத்தில் கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன் வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடுவது பாடநூலில் உள்ள முறை. 1 மீட்டர் ஆழமுள்ள குளமென்றால் ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது கணக்கு. அதிலுள்ள சபோனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. புங்கனின் வேரும் பட்டையும்கூட மீன் பிடிக்கும் நஞ்சாகப் பயன்பட்டவைதாம். குளத்தில் இந்த அறிவோடு நடந்துகொள்கிற நாம், இரண்டடித் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் மரத்தின் பெயரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

மரத்தின் சொந்த நஞ்சு போக, மனிதர் பூசிய நஞ்சு இருக்கிறது. கடற்கரையில் ஒதுங்கிய பலகைத்துண்டு பழைய படகினுடையதாக இருக்கலாம். படகின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணங்களில் செம்பு சேர்ப்பார்கள். கரையான் அரிக்காமலிருக்கப் பதப்படுத்திய மரத்தில் செம்போடு குரோமியமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும். பழைய ரயில் தண்டவாளக் கட்டையில் தார் எண்ணெய் ஊறியிருக்கும். கூவம், அடையாறு கரைகளில் கிடைக்கும் கட்டை எந்தெந்தக் கழிவில் ஊறியது என்று யாராலும் சொல்ல முடியாது. இறாலும் நத்தையும் மிகச் சிறு அளவு செம்பையே தாங்காதவை. கொதிக்கும் நீர் அந்தச் செம்பை என்ன செய்யும்? கொஞ்சத்தை அண்டாவுக்குள் இறக்கும், மிச்சத்தைக் கட்டைக்குள்ளேயே விட்டுவைக்கும். அந்த அண்டாவும் அதன் ஆவியும் வீட்டுச் சமையலறையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மரத்தைச் சோறு வடிக்கும் பாத்திரத்தில் வேகவைக்கச் சொல்வது மீனுக்கு மட்டும் கேடான அறிவுரை இல்லை.

2. எதைக் கொல்வதற்காக இத்தனை மணி நேரம்? பாக்டீரியாவை அடியோடு ஒழிப்பதற்கு என்றால், சாதாரணக் கொதிநீரால் அது ஆகாது. 100 டிகிரியில் சாகாத பாக்டீரியா வித்துகள் உண்டு. அதனால்தான் மருத்துவமனைகளில் அழுத்தக் கலத்துக்குள் 121 டிகிரி நீராவியைப் பயன்படுத்துகிறார்கள். மீன் தொட்டிக்கு அப்படியொரு தூய்மை தேவையும் இல்லை. உயிருள்ள மீன் இருக்கும் தொட்டியில் பாக்டீரியா இருக்கும், இருக்க வேண்டும்.

பூச்சி, புழு, முட்டைகளைக் கொல்வதற்கு என்றால் அதற்கு இவ்வளவு நேரம் வேண்டாம். நாடு விட்டு நாடு போகும் சரக்குகளின் மரப்பெட்டிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்றொரு பன்னாட்டு விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, அது தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது அதன் வெப்ப முறை. ஒரு நாட்டின் காடுகளை வேற்று நாட்டுப் பூச்சியிடமிருந்து காக்க இந்த அளவு போதும் என்றால், உங்கள் தொட்டிக்கும் போதும். மணிக்கட்டுத் தடிமனுள்ள கட்டை கொதிநீரில் ஒரு மணி நேரம் கிடந்தால் இந்த அளவைத் தாண்டிவிடும்.

வெயில் இதைவிட நல்ல வேலை செய்யும். மொட்டை மாடியில் சில வாரம் சுண்டக் காய்ந்த கட்டையில் நத்தை முட்டை பிழைக்காது. தொட்டிக்காரர்கள் எல்லோரும் அஞ்சும் வெள்ளைப்புள்ளி நோயின் கிருமி நீருக்கு வெளியே வாழ முடியாதது; மீனைத் தேடிப்போகும் பருவத்தில் ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டாலே செத்துவிடும். காய்ந்த கட்டை அந்த நோயைக் கொண்டுவர வழியே இல்லை.

3. பழுப்பு நிறத்தைக் கண்டு ஏன் இந்த அச்சம்? டிகாஷன் போல நீர் மாறிவிட்டால் தொட்டி கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள். அந்த நிறம் டானினும் ஹியூமிக் அமிலங்களும் தருவது. வண்ண மீன் கடைகளில் நாம் விரும்பி வாங்கும் பல மீன்கள் அந்த நிறத்து நீரில் தோன்றியவை. 1956-இல் அறிவியல் பெயர் பெற்ற கார்டினல் டெட்ரா, பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றைச் சேர்ந்தது. காட்டின் சருகும் மரமும் ஊறி ஊறிக் கறுத்த நீர் அது. பல இடங்களில் அதன் பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையே நிற்கும். சுமத்ராவின் சதுப்புக் காட்டு நீர் அதைவிடப் புளிப்பு. உலகின் மிகச் சிறிய மீன்களில் ஒன்றான பேடோசைப்ரிஸ் புரோஜெனெட்டிக்கா அங்கேதான் வாழ்கிறது. 2006-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது.

தொலைவில் இருக்கும் ஆறுகளை விடுங்கள். ஃபைட்டர் மீன் வளர்க்கும் பலரும் காய்ந்த பாதாம் இலையைத் தொட்டியில் போடுகிறார்கள். எதற்கு? நீரில் டானின் இறங்க வேண்டும், பூஞ்சை தணிய வேண்டும், மீன் அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்கு. அந்த இலையைக் கட்டுக்கட்டாக விற்கும் கடையிலேயே, கட்டையின் பழுப்பு முழுவதும் போகும்வரை வேகவைக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இனத்துப் பொருள்கள். இலையிலிருந்து வந்தால் மருந்து, கட்டையிலிருந்து வந்தால் அழுக்கு என்ற பிரிவுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

இனி, முழுவதும் போகும்வரை என்பது நடக்கக்கூடியதா? நடக்காது. கட்டையின் உள்ளிருந்து சாறு மெல்ல ஊடுருவித்தான் வெளியே வர வேண்டும். அதற்கு ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 2 சென்டிமீட்டர் குச்சிக்கு ஆகும் காலத்தைப்போலப் பதினாறு மடங்கு காலம் 8 சென்டிமீட்டர் கட்டைக்கு ஆகும். அண்டாவில் நீர் தெளிந்தது என்றால் மேற்பரப்பு தெளிந்தது என்று மட்டுமே பொருள். தொட்டியில் வைத்த அடுத்த வாரம் மறுபடி பழுப்பு வரும். வேகவைத்தது போதவில்லை என்று மறுபடி அண்டாவில் ஏற்றுவார்கள். நிறம் பிடிக்காதவருக்குத் தீர்வு எளிது: வாரம் ஒருமுறை நீர் மாற்றுவது, பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைப்பது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சென்னையின் போர்வெல் நீரைப் பயன்படுத்துகிறவர்கள் பி.எச். சரியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த நீரின் கார்பனேட் கடினத்தன்மை அமிலத்தை விழுங்கிவிடும். ஆர்.ஓ. நீரை அப்படியே ஊற்றுகிறவர்களின் தொட்டியில் அந்தத் தாங்குசக்தி கிடையாது. அங்கே பெரிய கட்டை ஒன்று பி.எச்.-ஐச் சட்டென்று இறக்கலாம். அவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும், குழாய் நீரையும் கலந்துகொள்ள வேண்டும்.

4. மீன் சாவுக்குக் கட்டையைக் குற்றவாளியாக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நடப்பதை வரிசையாகப் பாருங்கள். புதுத் தொட்டி, புது மணல், புது பில்டர், வேகவைத்த கட்டை, பத்துப் பன்னிரண்டு மீன்கள், எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்குள் வருகின்றன. ஒரு வாரத்துக்குள் கட்டைமேல் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு படலம் படர்கிறது. அதையொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சில சாகின்றன. படலம் கண்ணுக்குத் தெரிகிறது. நீரில் ஏறிய அம்மோனியாவும் நைட்ரைட்டும் தெரிவதில்லை. தெரிந்ததன்மேல் பழி விழுகிறது.

அந்தப் படலம் மரத்தில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். உணவு தீர்ந்ததும் சில வாரங்களில் தானே போய்விடும். இறாலும் நத்தையும் அதை மேய்ந்து தீர்க்கும். மீனைக் கொல்லும் நஞ்சு அதில் இல்லை. சிறிய தொட்டியில் மிகத் தடிமனாகப் படர்ந்தால் ஆக்சிஜனைக் கொஞ்சம் இழுக்கும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு ஏர் பம்பைக் கூட்டினால் அதுவும் சரியாகிவிடும். மீனைக் கொன்றது புதுத் தொட்டி. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். அந்த இடைவெளியில் நெருக்கி விட்ட மீன்கள் தம் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன.

இதற்குப் பிறகு நடப்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. கட்டையை வெளியே எடுத்துச் சுரண்டி மறுபடி வேகவைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரமாக அந்தச் சொரசொரப்பான மேற்பரப்பில் மெல்லக் குடியேறிக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாக்கள் எல்லாம் அதோடு சாகின்றன. கட்டை தொட்டிக்குத் திரும்புகிறது. அம்மோனியா மறுபடி ஏறுகிறது. மிச்ச மீன்களும் சாகின்றன. கட்டை நஞ்சுதான் என்பதற்கு இதையே இரண்டாவது சாட்சியாகச் சொல்கிறார்கள். கொதிக்க வைத்ததால் வந்த சாவு, இன்னும் நன்றாகக் கொதிக்க வைத்திருக்க வேண்டும் என்ற முடிவில் போய் நிற்கிறது. எப்படி நடந்தாலும் தன்னையே மெய்ப்பித்துக்கொள்ளும் நம்பிக்கை இது; அதனால்தான் இத்தனை காலம் யாரும் அசைக்காமல் நிலைத்திருக்கிறது. ஓர் அம்மோனியா சோதனைக் குப்பி இந்தச் சுழற்சியை முதல் வாரத்திலேயே உடைத்திருக்கும்.

5. நல்ல மரத்தை நீண்ட நேரம் வேகவைத்தால் அது நல்ல மரமாக இருக்காது. பிளைவுட் ஆலைகளில் மரத்தைத் தாளாகச் சீவுவதற்கு முன் சுடுநீரில் ஊறவைப்பார்கள், அல்லது ஆவியில் வைப்பார்கள். வளைந்த நாற்காலிச் சட்டங்களுக்கும் மரத்தை ஆவியில் வைத்துத்தான் வளைக்கிறார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் மரநாரைப் பிணைக்கும் பொருள்கள் இளகிவிடும் என்பது தச்சருக்குத் தெரிந்த உண்மை. திரும்பத் திரும்ப வேகவைத்த கட்டையின் வெளிப்புறம் நைந்து, தொட்டிக்குள் விரைவில் உதிரும், அழுகும்.

6. உப்பு, பிளீச்சிங் பவுடர், பர்மாங்கனேட், வார்னிஷ். கொதிநீர் போதவில்லை என்று தோன்றியதும் இந்த வரிசைக்குப் போகிறார்கள். உப்பு நீரில் கொதித்த கட்டை உப்பை உள்வாங்கிக்கொண்டு பிறகு தொட்டியில் விடும். அதற்கு மேல் அதனால் ஒரு பயனும் இல்லை. பொட்டாசியம் பர்மாங்கனேட் மரத்தோடு வினைபுரிந்து மாங்கனீஸ் டை ஆக்சைடைப் படியவிடும். அதன் நிறம் பழுப்பு. பழுப்பைப் போக்கப் போட்ட மருந்து பழுப்பைப் பூசுகிறது.

குளோரின் இன்னும் கவலைக்குரியது. வெறும் கண்ணாடித் தொட்டியைக் கழுவுவதற்கு அது சரி. கழுவிய பிறகு ஆன்டி-குளோரின் போட்டு மிச்சத்தை முறித்துவிடலாம். நுண்துளைகள் நிறைந்த மரத்துக்குள் இறங்கிய குளோரின் அங்குள்ள லிக்னினோடு சேர்ந்து வேறு சேர்மங்களாக மாறும். ஆன்டி-குளோரின் அவற்றைத் தொடாது. பல காகித ஆலைகள் மரக்கூழைக் குளோரின் வாயுவால் வெளுத்தபோது டையாக்சின் உட்பட நச்சுச் சேர்மங்கள் உண்டானதால்தான் அந்த முறையைக் கைவிட்டன. வாளியில் நடப்பது அதே அளவில் நடக்கும் வினை இல்லை, அதே வினையும் இல்லை. ஆனாலும் லிக்னினும் குளோரினும் சேரும் இடத்தில் மீனை விடுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டையோ வினிகரையோ கலப்பவர்களும் உண்டு. அதிலிருந்து கிளம்பும் வாயு மனிதரையே சாய்த்துவிடும். வார்னிஷ் நீருக்கடியில் வெடித்து உரியும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் கட்டையை எப்படித்தான் தயார் செய்வது என்று கேட்பார்கள். வேலையின் பெரும்பகுதி தேர்வில் இருக்கிறது. பெயர் தெரிந்த, பாலோ பிசினோ வடியாத, கெட்டியான மரம். தெருவில் வெட்டிப்போட்ட கொய்யாக் கிளை நிறையப் பேர் பயன்படுத்துவது. பச்சைக்கட்டை கூடாது, பல மாதம் காய்ந்திருக்க வேண்டும். பட்டையை முழுவதும் உரிக்க வேண்டும், ஏனென்றால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில்தான் அழுகல் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. கறுத்த திட்டில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்தக் கட்டையைத் தூக்கிப் போட வேண்டும், வேறு வழியில்லை. தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, மூடி போட்ட டிரம்மில் ஊறவைத்து, சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். கட்டையின் தடிமனைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வெள்ளைப் படலம் வர வேண்டியது அந்த டிரம்மிலேயே வந்து போகட்டும். கடலில் கிடந்த மரமென்றால் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஊறிய நீரில் அது காட்டும் எண் குழாய் நீரின் எண்ணுக்கு இறங்கி நிற்கும்வரை உப்பு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூழ்க மறுத்தால் துருப்பிடிக்காத திருகு போட்டு ஒரு கருங்கல் துண்டில் பிணைக்கலாம். கடப்பைக்கல் வேண்டாம், அது சுண்ணாம்புக்கல், நீரின் கடினத்தன்மையை ஏற்றும். இத்தனைக்கும் பிறகு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவிட விரும்பினால் விடுங்கள். தேர்வு சரியாக இருந்தால் அதனால் கெடுதல் இல்லை.

அடுக்குமாடியில் இருப்பவருக்கு மரத்தை அடையாளம் காணவும் தெரியாது, மாதக்கணக்கில் காயவைக்க இடமும் இல்லை, அதனால்தான் கொதிநீர் என்று ஒரு பதில் வரும். இடமில்லாதவர் கடையில் வாங்கலாம். கட்டாயம் வாங்கட்டும். அப்போது இந்தக் கேள்விகள் கடைக்காரரிடம் போகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் மோபானிக் கட்டைக்கு ஒரு பெயராவது இருக்கிறது. உள்ளூர்க் கட்டை ‘டிரிஃப்ட்வுட்’ என்ற ஒரே பெயரில், எடைக்கு விலைபோகிறது. அது என்ன மரம், எங்கே எடுத்தது, எத்தனை மாதம் காய்ந்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவதற்குக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம் போதும். வீட்டுக்குப் போய் நன்றாக வேகவைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவது, அந்த மூன்று கேள்விகளின் பொறுப்பையும் வாங்குகிறவரின் அடுப்பில் ஏற்றிவிடுவது. எங்கே எடுத்தது என்ற கேள்விக்குக் காப்புக்காடு என்றோ அலையாத்திக் காடு என்றோ பதில் வந்தால், மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாங்கக் கூடாது. காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையை அனுமதியில்லாமல் எடுப்பதும் வனச் சட்டப்படி குற்றம். காட்டு ஓடையில் சாய்ந்து கிடக்கும் மரத்தடியில்தான் அங்குள்ள மீன்கள் ஒதுங்குகின்றன, முட்டையிடுகின்றன.